விற்க மறுத்த வணிகர்

தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டு தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1911-இல் கலைக்கப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதனை நிலைகுலையச் செய்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. எட்டாண்டுகளுக்குப் பின் அதே கம்பெனியை எதிர்த்து நின்று வீழாதவர்களுள் ஒருவர் நம் சமயத்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் சோலாப்பூர் வால்சந்த் ஹீராசந்த்.

1882 நவம்பர் 23 அன்று திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்தின் தொழில் பருத்தி வணிகமும் லேவாதேவியும். அதில் அவர் மனம் பொருந்தவில்லை. கல்லூரிப் படிப்பையும் முடிக்காமல், ரயில்வேயில் எழுத்தராயிருந்த பாடக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து இருப்புப்பாதை ஒப்பந்தக்காரரானார். பின்னாளில் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடைப்பட்ட போர்காட் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்த பணியிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

முதல் உலகப்போர் முடிந்ததும் குவாலியர் சிந்தியா மன்னருக்குரிய ‘லாயல்டி’ என்னும் கப்பல் விலைக்கு வந்தது. நரோத்தம் மொரார்ஜி முதலியோருடன் இணைந்து வால்சந்த் அதனை வாங்கினார். கம்பெனிக்குச் சிந்தியா என்றே பெயராயிற்று. 1919 ஏப்ரல் 5 அன்று அக்கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது.

இடர் அதன் பின்னரே தொடங்கியது. இன்ச்கேப் பிரபுவின் தலைமையிலிருந்த ஆங்கிலக் கம்பெனிகள் சரக்குக் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கின. அதனினும் கொடியது அவர்கள் கையாண்ட தள்ளுபடி முறை. வணிகர் செலுத்திய கூலியில் ஒரு பகுதி, குறித்த காலம் கழித்தே திருப்பித் தரப்படும். இடையில் வேறு கம்பெனியின் கப்பலில் ஒரு மூட்டை ஏற்றினாலும் அத்தொகை பறிபோகும். சுதேசிப் பற்றுடைய வணிகரும் இதற்கஞ்சிச் சிந்தியாவை நாடத் தயங்கினர். வணிகக் குடும்பங்களில் பிறந்த நாம் அவர்களைக் குறைகூற இயலுமா?

நட்டம் பெருகிய அந்நிலையில், சிந்தியாவையே வாங்கிக்கொள்ள இன்ச்கேப் முன்வந்தார். விற்றிருந்தால் பங்குதாரருள் பலர் மகிழ்ந்திருப்பர், எவரும் பழித்திருக்கமாட்டார். வால்சந்தும் நரோத்தமும் மறுத்தனர். ஆயினும் 1923-இல் ஓர் ஒப்பந்தத்துக்கு இசைய நேர்ந்தது. கரையோர வணிகத்தோடு நிற்க வேண்டும், கப்பல்களின் கொள்ளளவும் வரம்பு கடக்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். அதனை வால்சந்த் விலங்காகவே கருதினார். விற்க மறுத்ததைக் காட்டிலும், தலைகுனிந்து இதில் கையொப்பமிட்டதற்கே மிகுந்த நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பது என் கருத்து. பணிந்தார் என்னும் பழியை ஏற்றுக் கம்பெனியை உயிரோடு காத்தார். 1929-இல் நரோத்தம் மறைந்தபின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1950 வரை அதனைச் சுமந்தார்.

கையிருப்பை எண்ணித் தொழில் தொடங்கும் நிதானம் அவரிடம் குறைவு. உடனிருந்தோர் அஞ்சியதும் உண்டு, அவ்வச்சம் வீணானதன்று. 1940-இல் மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் அவர் நிறுவிய விமானத் தொழிற்சாலை, இரண்டே ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்குச் சென்றது. 1941 ஜூன் 21 அன்று விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு ஏப்ரலில் அந்நகரின் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். பணி தடைப்பட்டது, வால்சந்த் கைவிடவில்லை. 1948 மார்ச் 14 அன்று, அங்கே கட்டப்பெற்ற ‘ஜல உஷா’வை நேரு கடலில் இறக்கிவைத்தார்.

அடுத்த ஆண்டே வாதநோய் அவரை வீழ்த்தியது. மனைவி கஸ்தூர்பாய் உடனிருந்து பேணினார். 1952-இல் அத்தளமும் அரசின் வசமாயிற்று. 1953 ஏப்ரல் 8 அன்று குஜராத்தின் சித்தபூரில் வால்சந்த் மறைந்தார்.

அந்த ‘லாயல்டி’ கப்பல் இறுதியில் உடைப்பதற்கே விற்கப்பட்டது. அது புறப்பட்ட ஏப்ரல் 5-ஆம் நாளையே இந்திய அரசு இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறது.