ஹென்றி மோஸ்லி

பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றறிதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பொன்னுக்கேயன்றிப் பல்வகைத் தனிமங்களுக்கும் உரைகல்லாக அமையும் ஒரு நெறியைத் தம் 26 ஆம் வயதிலேயே கண்டவர் ஹென்றி மோஸ்லி.

இவர் 1887 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23 ஆம் நாள் இங்கிலாந்தில் வேமத் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய தந்தையார், மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்த மோஸ்லி, ஆக்ஸ்போர்டில் பயின்று, 1910 இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார்.

அக்காலத்தில் தனிமங்களை அணு எடையை ஒட்டி வரிசைப்படுத்தினர். அவ்வரிசை சிலவிடங்களில் முரண்பட்டது. கோபால்ட்டின் அணு எடை நிக்கலினதைவிடச் சிறிது மிகுதி. பண்புகளை நோக்கினாலோ கோபால்ட்டே முன்னிற்கத் தக்கது. இதன் காரணம் விளங்காதிருந்தது.

1913 இல் மோஸ்லி ஆய்வில் இறங்கினார். காற்று நீக்கிய குழாயினுள் சிறு தண்டவாளம் அமைத்து, அதன்மேல் சிறு வண்டிகளில் பல உலோகத் துண்டுகளை வைத்தார். வண்டிகளைப் பட்டு நூலால் இழுத்து, ஒவ்வொன்றின்மீதும் எலக்ட்ரான்கள் மோதுமாறு செய்தார். அப்போது எழுந்த எக்ஸ்-கதிர்கள் ஒரு படிகத்திற் பட்டுத் திரும்பி, ஒளிப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிந்தன. கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடுதல்போல அக்கோடுகள் தனிமத்திற்குத் தனிமம் வேறுபட்டன. ஆயினும் ஓர் ஒழுங்குடன் படிப்படியாக இடம் பெயர்ந்தன. அணுக்கருவின் மின்னூட்டத்தைக் குறிக்கும் அணு எண்ணே அவ்வொழுங்கிற்கு அடிப்படை என்று அவர் நிறுவினார். கோபால்ட்டிற்கு 27, நிக்கலுக்கு 28 என இடம் உறுதியாயிற்று. 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாய் இருத்தலையும் காட்டினார். அவற்றிற்குரிய தனிமங்கள் பிற்காலத்தே கண்டறியப்பட்டன.

1914 இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் உர்பேன், தாம் பல்லாண்டு உழைத்துப் பிரித்த அருமண் பொருள்களை ஆக்ஸ்போர்டிற்குக் கொணர்ந்தார். அவற்றின் உள்ளடக்கத்தை மோஸ்லி சில நாள்களிலேயே ஆய்ந்துரைத்தார்.

அவ்வாண்டு முதல் உலகப்போர் மூண்டது. அறிவியல் மாநாட்டின் பொருட்டு ஆஸ்திரேலியா சென்றிருந்த மோஸ்லி தாயகம் திரும்பி, தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தார். 1915 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள், துருக்கி நாட்டுக் கலிப்போலிப் போர்க்களத்தில், தொலைபேசி வழியே ஆணையிட்டுக்கொண்டிருந்தபோது பகைவர் குண்டு பட்டு உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. தம் உடைமைகளை அறிவியல் ஆராய்ச்சிக்கென இராயல் கழகத்திற்கு எழுதி வைத்திருந்தார்.

இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் எக்ஸ்-கதிர்க் கருவிகள் பழங்காசு, பாறை, உலோகக் கலவை முதலியவற்றைச் சிதைக்காமலே அவற்றில் அடங்கிய தனிமங்களைக் காட்டுகின்றன. அவை மோஸ்லி கண்ட நெறியில் இயங்குவனவே. நெடுங்காலம் பணிபுரிதற்குரிய அறிவு ஒரு குண்டிற்கு இரையாயிற்று. போர் கொள்ளும் உயிர்களோடு உலகம் இழப்பது எவ்வளவு என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகின்றது.