அணுவறிஞர் பாபாவின் இறுதிப் பயணம்

அணுவியல் மேதை ஹோமி ஜஹாங்கீர் பாபா, 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் செல்வம் மிக்க பார்சிக் குடும்பத்தில் தோன்றினார். கேம்பிரிட்ஜில் பொறியியலும் பின்னர் பௌதிகமும் பயின்று புகழ் எய்தினார். 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்த வேளையில் உலகப் போர் மூண்டது. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில், நம் சர் சி. வி. இராமன் அவர்கள் பேணி வளர்த்த பௌதிகத் துறையில் பணியேற்றார். 1945-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்; 1948-இல் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். 1956-இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

1966 ஜனவரி 24 அன்று, வியன்னாவில் நடைபெறவிருந்த அணுசக்திக் கூட்டத்திற்காக ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானத்தில் சென்றார். ஜெனீவாவில் இறங்க வேண்டிய அவ்விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர்.

பதின்மூன்று நாள் முன்னரே தாஷ்கண்டில் பிரதமர் சாஸ்திரி மறைந்திருந்தார். 1964-இல் சீனா அணுகுண்டைச் சோதித்தபின், நம் நாடும் அவ்வாறு செய்யுமோ என்ற பேச்சு எங்கும் எழுந்திருந்தது. ஆதலால் அந்நிய நாட்டுச் சதி என்றும், வேறொரு விமானம் மோதியது என்றும் மக்கள் பலவாறு ஐயுற்றனர். எதற்கும் தக்க சான்று கிட்டவில்லை.

பிரெஞ்சு விசாரணையோ வேறு காரணம் கூறிற்று. இடம் அறியும் வானொலிக் கருவிகளுள் ஒன்று பழுதுற்றிருந்தது. மலையைக் கடந்துவிட்டதாக விமானி எண்ணினார். ஜெனீவா நிலையத்தார் ராடாரில் கண்டு திருத்தம் கூறினர். அதனை அவர் பிறழ உணர்ந்து விமானத்தைத் தாழ இறக்கினார். தகவலில் ஒரு சொல் மாறினால் விளையும் கேட்டினை இரயில்வேயில் உழைக்கும் நாம் நன்கு அறிவோம்.

அதே மலையில் 1950 நவம்பர் 3 அன்று மலபார் பிரின்சஸ் என்னும் ஏர் இந்தியா விமானமும் மோதி 48 பேர் மாண்டனர். அதில் சென்றோர் பெரும்பாலும் இங்கிலாந்தில் கப்பலேறச் சென்ற எளிய மாலுமிகள். அவர்களை அழிக்க எவரும் சதி செய்திரார். மேதைக்கு ஒரு நீதி, மாலுமிக்கு ஒரு நீதி என்று மலை பார்ப்பதில்லை.

1967-இல் டிராம்பே நிலையம் பாபாவின் பெயரைப் பெற்றது. அளந்தறிந்து, சான்றுடன் மெய்யைத் துணிவதே விஞ்ஞானம் என வாழ்ந்தவர் அவர். அவர் மரணத்தைப் பற்றிப் பேசும்போதும் நாம் அந்நெறியினின்று வழுவாதிருப்போமாக!