பாலம் தந்த சுலோசன முதலியார்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. இன்று இவ்விரண்டையும் ஒரே நகரமாகவே எண்ணுகிறோம். 1840 வாக்கில் நிலைமை வேறு. ஆற்றைக் கடக்கப் படகுதான் வழி. வெள்ளக் காலத்தில் அதுவும் இல்லை. படகில் இடம் பிடிக்க நடந்த சண்டைகளில் உயிர்ச்சேதமே நேர்ந்ததென்று நெல்லை மக்கள் கூறுவர்.

அக்காலத்தில் மாவட்டக் கலெக்டராக இருந்தவர் இ. பி. தாம்சன். அவரது கச்சேரியில் சிரஸ்தேதாராகப் பணியாற்றியவர் சுலோசன முதலியார். கலெக்டர் அலுவலகத்தில் நம்மவர் எட்டக்கூடிய உயர்ந்த பதவி அது. அவருடைய தந்தை இராமலிங்க முதலியார் கும்பினியாரின் துபாஷி என்றும், 1799 இல் கட்டபொம்மனிடம் பானர்மன் அனுப்பிய தூதர் அவரே என்றும் சொல்வர். இதை அறிந்தபோது எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஆனால் தந்தையின் பணியை மகன் கணக்கில் எழுதுவது முறையாகாது.

பாலம் கட்ட 50,000 ரூபாய் ஆகுமென்று மதிப்பிடப்பட்டது. அதை மக்களிடம் நன்கொடையாகத் திரட்டக் கலெக்டர் விரும்பினார். திரட்டும் பொறுப்பு சிரஸ்தேதார் தலையில் விழுந்தது. வரி கொடுத்தே களைத்தவர்களிடம் மீண்டும் கையேந்த அவர் மனம் ஒப்பவில்லை. முழுத் தொகையையும் தாமே தருவதாக அறிவித்தார். அவர் மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

காப்டன் பேபர் வரைந்த திட்டத்தின்படி, ஹார்ஸ்லி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் வேலை நடந்தது. சிறைக்கைதிகள் கல் சுமந்தனர். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 1843 இல் பாலம் திறக்கப்பட்டது. 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள். நீளம் ஏறக்குறைய 760 அடி. இலண்டனின் வாட்டர்லூ பாலமே இதற்கு மாதிரி. 1817 இல் திறக்கப்பட்ட அந்த மூலப்பாலத்தின் தூண்களடியில் தேம்ஸ் நதி மண்ணை அரித்தது. தூண்கள் அமிழ்ந்தன, 1930களில் அதை இடித்துவிட்டு வேறொன்று கட்டினர். ஆக, மாதிரி போய்விட்டது, நகல் நிற்கிறது!

நம் பாலமும் துன்பப்படாமல் இல்லை. 1869 வெள்ளத்தில் பழுதுபட்டு 1871 இல் செப்பனிடப்பட்டது. மாட்டுவண்டிக்காகக் கட்டிய பாலம் பேருந்துகளைத் தாங்க நேர்ந்ததால் பின்னர் அகலப்படுத்தப்பட்டது. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தையும் தாங்கியது. இலங்கையில் பதுளைக்கருகே போகொடவில் ஒரு பழைய மரப்பாலம் உண்டு. மழைநீர் மரத்தை உளுக்கச் செய்யாதிருக்க அதற்குக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். கூரை போனால் பாலமும் போகும். கற்பாலத்துக்குக் கூரை வேண்டாம். அடித்தளத்தையும் கல் இடுக்கையும் கவனித்தால் போதும்.

எங்கள் வேப்பூரில் முதலியார் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டிக்காகப் பாளையங்கோட்டை சென்றபோதுதான் அப்பாலத்தில் நடந்தேன். பாலத்தோரம் பூ விற்ற பாட்டியிடம் அதைக் கட்டியவர் யாரென்று விசாரித்தேன். கலெக்டர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நகை கொடுத்த கதையைப் பூக்கட்டும் கையை நிறுத்தாமலே முழுவதும் சொன்னார்.

பிறகு நண்பர்களுடன் ஆற்றில் இறங்கி வளைவுகளைக் கீழிருந்து பார்த்தேன். கல் இடுக்கில் அரசங்கன்றுகள் முளைத்திருந்தன. தாவரவியல் மாணவனாதலால் அவற்றின் வேர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கைக்கெட்டிய இரண்டைப் பிடுங்கினேன். ஒன்று வேரோடு வந்தது. மற்றொன்று பாதியில் ஒடிந்துவிட்டது.