கொச்சிக்கு வந்த கோவைத் தமிழர்

எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றச் சந்திப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலைக்குச் சண்முகம் சாலை என்று பெயர். ஒரு காலத்தில் காயலின் அலை அச்சாலையின் ஓரத்திலேயே வந்து மோதியது. பின்னாளில் காயலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அலைக்கும் சாலைக்கும் இடையே மாடி வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. நம் சங்கத்து நண்பர்கள் பலர் வாரம் ஒரு முறையேனும் அவ்வழியே பேருந்தில் போகிறார்கள். அந்தச் சண்முகம் யார் என்று கேட்டுப் பாருங்கள். முருகப் பெருமானின் பெயர் என்பார் ஒருவர். துணிக்கடை முதலாளி ஒருவரின் பெயர் என்பார் மற்றொருவர். அவர் கோயமுத்தூர்க்காரர், தமிழர், ஆறு ஆண்டுகள் கொச்சி ராஜ்யத்தின் திவானாக இருந்தவர் என்று சொல்லுவோர் நம்மிடையே மிகச் சிலரே.

ஆர். கே. சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17 அன்று கோவையில் பிறந்தார். ஆலைத் தொழிலில் ஈடுபட்ட செல்வக் குடும்பம் அவருடையது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1917இல் கோவை நகரசபை உறுப்பினரானார். பிறகு துணைத் தலைவரும் ஆனார். அப்போது அவருக்கு என்னைவிட ஓரிரண்டு வயதே கூடுதல் என்று எண்ணும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அன்றைய கோவை இன்றைய கோவை அன்று. குடிநீர்ப் பஞ்சமும் பிளேக் நோயும் மாறி மாறி வாட்டிய ஊர் அது. சிறுவாணித் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. சாக்கடை, குழாய், தெரு விளக்கு என்னும் சிறு செய்திகளே நகரத்தின் பெரிய செய்திகள் என்பதை ஒருவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அதன்பின் அவர் ஏறிய படிகள் பல. 1920இல் சென்னைச் சட்டசபை, 1924இல் தில்லி மத்திய சட்டசபை, 1932இல் ஆட்டவா பொருளாதார மாநாடு, 1933இல் மத்திய சட்டசபையின் தலைவர் பதவி. நீதிக்கட்சியிலும் இருந்தார், சுயராஜ்யக் கட்சியிலும் இருந்தார். கட்சி மாறியவர் என்று அவரைக் குறை கூறியோர் உண்டு. அது பொய்க் குற்றச்சாட்டும் அன்று. 1934 தேர்தலில் அவர் தோற்றார். தோற்ற மறு ஆண்டிலேயே கொச்சி மகாராஜா அவரைத் திவானாக அழைத்துக்கொண்டார்.

தமிழர் ஒருவர் கொச்சிக்குத் திவானாக வந்தது இது முதல் முறை அன்று. 1896 முதல் 1901 வரை பி. இராஜகோபாலாச்சாரி அப்பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான் ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில்பாதை போடும் வேலை தொடங்கியது. அந்தப் பாதைக்காகத் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை அன்றைய மகாராஜா விற்றார் என்பது கொச்சியில் எல்லோரும் அறிந்த செய்தி. 1902இல் ரயில் ஓடியது. கோயில் பொன்னை இரும்புத் தண்டவாளமாக மாற்றிய அந்தத் துணிவிலிருந்துதான் இன்றைய எர்ணாகுளத்தின் கதை தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ரயில் வந்தும் கப்பல் உள்ளே வர முடியவில்லை. காரணம், காயலின் வாயில் குறுக்கே கிடந்த மணல் திட்டு. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் கடலலை ஒதுக்கும் மணலும் சந்திக்கும் இடத்தில் இத்தகைய திட்டு இயற்கையாகவே எழும். உள்ளே ஆழமான, அமைதியான நீர், வெளியே ஆழ்கடல், இடையே இறுகிப்போன மணல் மதில்! கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைப் படகுகளில் ஏற்றிப் போய் இறக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

எங்கள் முதலமடையை அறிந்தவர்களுக்கு இந்த நிலை எளிதில் விளங்கும். நாட்டில் வேறெங்கும் காய் முற்றுவதற்கு முன்பே எங்கள் தோப்புகளில் மாங்காய் முற்றிவிடும். லாரி லாரியாக வடநாட்டுக்குப் போகும். தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். பருவம் முடிந்தால் அவரும் போய்விடுவார். பணம் ஊர் வழியாகப் போகிறது, ஊரில் தங்குவதில்லை. ஐம்பது வீட்டுக்குப் பொதுவாக ஒரு நல்ல பழச்சாறு ஆலைகூட எழும்பாமல், ஆண்டுதோறும் லாரிகளுக்குக் கைகாட்டிக்கொண்டே நிற்கிறோம். 1920க்கு முந்திய கொச்சியும் ஏறக்குறைய அப்படித்தான் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

1920இல் இராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியியலார் வந்தார். மதிலை வெட்டினால் இரு பக்கக் கரையும் அரித்துப் போகுமோ என்ற அச்சம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. கடலியல் மாணவன் என்ற முறையில் சொல்லுகிறேன், அது வீண் அச்சம் அன்று. அவர் அலையையும் ஓட்டத்தையும் அளந்து ஆராய்ந்த பின்னரே வெட்டத் துணிந்தார். 450 அடி அகலத்தில், மூன்றரை மைல் நீளத்துக்கு வாய்க்கால் தோண்டப்பட்டது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டே காயலின் நடுவில் ஒரு தீவை எழுப்பினார்கள். அதுவே வில்லிங்டன் தீவு.

இதில் மண்ணைவிடக் கடினமான பொருள் ஒன்று இருந்தது. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷாருக்கு உரியது; எதிர்க்கரை எர்ணாகுளம் கொச்சி மகாராஜாவுக்கு உரியது; துறைமுகத்தின் வாணிகத்தில் திருவிதாங்கூருக்கும் பங்கு உண்டு; சென்னை அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் மேலே இருந்தன. ஒரே காயல், உரிமை கேட்போர் நால்வர்! யார் பணம் போடுவது, சுங்க வருமானத்தை எப்படிப் பங்கிடுவது, தீவில் யார் சட்டம் செல்லும் என்ற வழக்குகள் எந்த இயந்திரத்துக்கும் அசையாதவை. செட்டியார் திவானாக வந்த 1935இல் இந்தக் கேள்விகள் முற்றுப் பெறவில்லை. கொச்சியின் சார்பில் தில்லியோடு பேச வேண்டியவர் அவர். தில்லியின் நடைமுறையை உள்ளிருந்தே அறிந்தவரும் அவர். 1936இல் கொச்சி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மகாராஜா ஏன் தேர்தலில் தோற்ற ஒருவரைத் தேடி அழைத்தார் என்பதற்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. பிரிஸ்டோவுக்கு நகரில் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூடச் செட்டியாருக்குக் கிடைக்கவில்லை. மண் தோண்டுவது கண்ணுக்குத் தெரியும், உடன்படிக்கை தெரியாதல்லவா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, திருச்சூர்ச் செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே 1936இல் திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் உரிமையைத் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கத் திவான் முடிவு செய்தார். நகரம் கொதித்தது. நகரசபையே நடத்த வேண்டிய தொழிலை வெளியாரிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். இ. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ. ஆர். மேனோன், சி. ஆர். இய்யுண்ணி முதலியோர் முன்னின்றனர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கொச்சி அரசியல் விழித்தெழுந்தது இந்த மின்சாரக் கிளர்ச்சியில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

திவான் ஏன் அப்படிச் செய்தார்? நான் இப்படி நினைக்கிறேன். பைக்காரா மின்சாரம் வந்த பிறகு தம் கோவையில் ஆலைகள் எப்படிப் பெருகின என்பதை அவர் கண்ணால் கண்டவர். மின்சாரம் விரைவில் வர வேண்டும். யார் கொண்டுவந்தால் என்ன என்பது ஆலைக்காரர் எண்ணம். அவர் கணக்கில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் விளக்குக்குக் காசு கொடுக்கப் போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. கேட்காதவர் வெளியூர்க்காரராகவும் இருந்துவிட்டால் வார்த்தைகள் எப்படித் தடிக்கும் என்பதைப் பிறமொழி நாட்டில் பிழைக்கப் போன குடும்பத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் திருச்சூர் மக்களின் கேள்வி நியாயமானது என்றே சொல்லுவேன். கிளர்ச்சியால் அந்த ஏற்பாட்டைத் தடுத்துவிட முடியவில்லை. எனினும் காலம் கேள்வியின் பக்கம் நின்றது. இன்று கேரளத்தில் தானே நேராக மின்சாரம் வழங்கும் உள்ளாட்சி மன்றம் ஒன்றே ஒன்று. அது திருச்சூர் மாநகராட்சி.

இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்ததுதான் வியப்பு. 1938இல் கொச்சியில் இரட்டையாட்சி வந்தது. சட்டசபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சர், வேளாண்மை, பொதுநலம், பஞ்சாயத்து முதலிய துறைகளை நடத்துவார்; மற்றவை திவானிடம் இருக்கும். இந்தியாவின் சமஸ்தானங்களுள் இத்தகைய ஆட்சி முதலில் வந்தது கொச்சியில். எங்கள் பக்கத்துச் சித்தூரும் அந்நாளில் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்ததே. முதல் அமைச்சர் அம்பாட்டு சிவராம மேனோன் சில மாதங்களிலேயே காலமானார். அவருக்குப் பின் அமைச்சரானவர் யார் தெரியுமா? திருச்சூரில் திவானை எதிர்த்து நின்ற அதே டாக்டர் ஏ. ஆர். மேனோன்!

அதே 1938இல் பக்கத்துத் திருவிதாங்கூரில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் திவான் ஒரு தமிழர், சர் சி. பி. இராமசாமி ஐயர். பெருந்திட்டங்களிலும் தொழில்களிலும் அவர் செட்டியாருக்குச் சிறிதும் குறைந்தவர் அல்லர். ஆனால் பொறுப்பாட்சி கேட்டோர்மீது அங்கே அடக்குமுறை பாய்ந்தது. கொச்சி தந்தது அரை ஆட்சிதான். நிதியும் காவலும் திவான் கையிலேயே இருந்தன. அதை முழு மக்களாட்சி என்று நான் கூற மாட்டேன். ஆயினும் தம்மை எதிர்த்தவர் வந்து அமர ஒரு நாற்காலி போட்டவர் செட்டியார். திருவனந்தபுரத்தில் அந்த நாற்காலியும் இல்லை.

1941இல் அவர் கொச்சியை விட்டுச் சென்றார். பிறகு அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவர், 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுப் பிரதிநிதி, 1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று நாட்டின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தவர் அவரே. மறு ஆண்டில் பதவி விலகினார். இவை எல்லாப் பொது அறிவுப் புத்தகங்களிலும் உள்ளவை. தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களுக்கு என் உதவி தேவையில்லை.

அப்புத்தகங்கள் சொல்லாத ஒன்று உண்டு. தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்ற அவர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதவும் அமர்ந்தார். அவர் உரை கண்டது புகார்க் காண்டத்துக்கு. மரக்கலங்கள் வந்து நிற்க, பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து வாழ்ந்த துறைமுகப் பட்டினத்தின் காண்டம் அது. பாடியவரோ சேர நாட்டுத் துறவி என்பது மரபு. கொச்சித் துறைமுகத்தின் சுங்கக் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்த கண்கள் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளைப் படித்தபோது என்ன எண்ணினவோ!

இறுதிக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1952 தேர்தலில் எந்தக் கட்சியும் சாராமல் நின்று சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். மூன்று பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது போல் ஆயிற்று. 1953 மே 5 அன்று காலமானபோது அவருக்கு வயது அறுபது.