கணிப்பொறியை எளிமையாக்கிய ஆடம் ஆஸ்பர்ன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

அறிவியல் வரலாறு என்றதும் கண்டுபிடித்தவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. கண்டுபிடித்ததைப் பிறருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வீட்டுக் கணிப்பொறியின் வரலாற்றில் அத்தகைய ஒருவர் ஆடம் ஆஸ்பர்ன். கையில் தூக்கிச் செல்லும் கணிப்பொறியைப் பெருமளவில் விற்றுக் காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். எனக்கோ அவர் முதலில் ஓர் எழுத்தாளர். 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த கணிப்பொறி இதழ்களின் பழைய படிகளை இணையத்தில் புரட்டியபோதுதான் அவரை நான் அறிந்தேன். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே தர விழைகிறேன்.

இளமை

ஆஸ்பர்ன் 1939 மார்ச் 6ஆம் நாள் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். அங்கே பல்கலைக்கழக ஆசிரியர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். ரமண மகரிஷியிடம் கொண்ட ஈடுபாடு அக்குடும்பத்தைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் தந்தையார் சயாமில் ஜப்பானியரின் முகாமில் அடைபட்டிருந்தார். தாயாரும் குழந்தைகளும் திருவண்ணாமலையிலேயே காத்திருந்தனர். போர் முடிந்த பிறகே தந்தை திரும்பினார். சிறுவன் ஆடம் கொடைக்கானலில் கான்வென்ட் பள்ளியில் படித்து, பதினொன்றாம் வயதில் இங்கிலாந்து சென்றான். பிற்காலத்தில், 1964இல், ரமணாசிரமத்திலிருந்து ‘தி மவுண்டன் பாத்’ என்னும் ஆன்மிக இதழைத் தொடங்கி நடத்தியவர் அந்தத் தந்தையே. மகனும் பின்னாளில் இதழ்களாலேயே பெயர் பெற்றார்.

ஆஸ்பர்ன் படித்தது கணிப்பொறி இயல் அன்று, வேதிப் பொறியியல். 1961இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1968இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சில காலம் பணியாற்றியபின், கணிப்பொறி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதித் தரும் தொழிலைத் தாமே தொடங்கினார்.

இதழ்கள் ஆசானாக இருந்த காலம்

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறி இடம்பெற்றது. உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டில் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டிய பெட்டி அது. விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பில் சுவிட்சுகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. அதை வாங்கியவர்களுக்கு யார் கற்றுக் கொடுப்பது? பெரிய கணிப்பொறிகள் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் பூட்டிய அறைகளுக்குள் இருந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தவை இதழ்கள். 1975 செப்டம்பரில் ‘பைட்’ தோன்றியது. ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’, ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ ஆகியவை தொடர்ந்தன. சுற்று வரைபடங்களும் முழு நிரல்களும் அவற்றில் அச்சாயின. வாசகர்கள் அந்நிரல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து இயக்கிப் பார்த்தனர். ஒரு காற்புள்ளி தவறினாலும் நிரல் ஓடாது. எங்கே தவறு என்று தேடித் தேடியே பலர் நிரல் எழுதக் கற்றனர்.

அதே 1975இல் நுண்கணிப்பொறிகளுக்கு ஓர் அறிமுக நூலை ஆஸ்பர்ன் எழுதித் தாமே வெளியிட்டார். கலிபோர்னியாவில் ஹோம்ப்ரூ கணிப்பொறிக் கழகக் கூட்டங்களில் அதைத் தாமே கொண்டுபோய் விற்றார். ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. என்னும் நிறுவனம் தன் கணிப்பொறியோடு அந்நூலின் ஒரு படியையும் சேர்த்து அனுப்பியது. பதிப்பகம் வளர்ந்தது. 1979இல் அதை மெக்ரா-ஹில் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க வீட்டில் எவரும் இல்லாத மாணவனுக்குத் தெளிவாக எழுதப்பட்ட ஒரு நூல் மூத்த அண்ணனைப் போன்றது. ஆகவே, ஆஸ்பர்ன் செய்த பணிகளுள் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

அஞ்சாத எழுத்து

‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ இதழிலும் பின்னர் ‘இன்ஃபோ வேர்ல்ட்’ இதழிலும் அவர் தொடர்பத்தி எழுதினார். அன்று சில நிறுவனங்கள் இன்னும் செய்து முடிக்காத பொருளுக்கு விளம்பரம் கொடுத்து, முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டே பொருளைச் செய்ய முயன்றன. வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஆஸ்பர்ன் இதைக் கண்டித்து எழுதினார். சொன்ன சொல்லும் கொடுத்த பொருளும் ஒத்திருக்கின்றனவா என்பதே அவருடைய அளவுகோல். விளம்பரத்தால் வாழும் இதழில் விளம்பரதாரரைக் குறை கூறத் துணிவு வேண்டும்.

ஆஸ்பர்ன் 1

குறை சொன்னவர் தாமே செய்து காட்டவும் முன்வந்தார். லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர் வடிவமைக்க, 1981 ஏப்ரலில் ‘ஆஸ்பர்ன் 1’ அறிமுகமாயிற்று. எடை ஏறத்தாழ 11 கிலோ. தையல் இயந்திரப் பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லலாம். திரை 5 அங்குலமே. ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். விலை 1,795 டாலர். அத்துடன் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் ஆகிய மென்பொருள்களும் சேர்ந்தே வந்தன. தனித்தனியே வாங்கினால் அவற்றுக்கே ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும் என்று கணக்கிட்டனர். மிகச் சிறந்தது வேண்டியதில்லை, தேவைக்குப் போதுமானது இருந்தால் போதும் என்பது ஆஸ்பர்னின் கொள்கை. விற்பனை பெருகியது.

வீழ்ச்சி

1983இன் தொடக்கத்தில், பெரிய திரை கொண்ட ‘எக்சிகியூட்டிவ்’ என்னும் அடுத்த கணிப்பொறி பற்றிய செய்தி, அது கடைக்கு வருமுன்பே பரவியது. கடைக்காரர்கள் பழைய மாதிரியை வாங்கத் தயங்கினர். பணவரவு குன்றியது. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. புதிய பொருளை முன்கூட்டி அறிவித்துப் பழைய பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை வணிக உலகம் இன்றும் ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்றே அழைக்கிறது. அதுமட்டுமே காரணமன்று என்பாரும் உளர். 9 அங்குலத் திரையுடன் வந்த கேப்ரோவும், ஐ.பி.எம். கணிப்பொறியும், அதன் மென்பொருள்களை இயக்கக்கூடிய காம்பாக் பெட்டியும் ஏற்கெனவே சந்தையை நெருக்கிக்கொண்டிருந்தன. எனினும், வராத பொருளைப் பற்றிய பேச்சைக் கண்டித்தவரின் பெயரே அத்தகைய பேச்சால் வரும் கேட்டுக்குப் பெயராகிவிட்டது வரலாற்றின் வேடிக்கை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1984இல் மென்பொருளை மலிவு விலைப் புத்தகம் போல விற்கும் ‘பேப்பர்பேக் சாஃப்ட்வேர்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கணக்குத்தாள் நிரல் தங்கள் நிரலைப் போலவே இயங்குகிறது என்று 1987இல் லோட்டஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1990இல் தீர்ப்பு ஆஸ்பர்ன் தரப்புக்கு எதிராக அமைந்தது.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றிய ஆஸ்பர்ன் 1992இல் இந்தியா திரும்பினார். தாம் சிறுவனாகப் படித்த கொடைக்கானலிலேயே தம் சகோதரியின் அரவணைப்பில் வாழ்ந்து, 2003 மார்ச் 18ஆம் நாள், 64ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவருடைய கணிப்பொறி விற்பனையில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். இன்று அது அருங்காட்சியகப் பொருள். ஆனால் அவர் வைத்த அளவுகோல் பழையதாகிவிடவில்லை. மென்பொருளோ கைப்பேசியோ வாங்கும்போது, விளம்பரத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றுதானா என்று நாமும் கேட்க வேண்டியிருக்கிறது. அறிவியல் மாணவர்களாகிய நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. நாம் கற்றதைக் கற்க வாய்ப்பில்லாதவருக்கும் விளங்கும்படி நல்ல தமிழில் எழுதிவைக்க வேண்டும். நமக்குப் பின்னால் படியேறி வருபவர்க்கு அது துணையாகும்.