ஒன்பதாம் மாடிக்குக் கேட்காத மணி



ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்றால் அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு தளத்திலும் அபாய மணி கேட்க வேண்டும் என்ற சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம்.

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். நியூயார்க்கில் தொழிலாளர் நலப் பணியில் இருந்தார். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, தோழி வீட்டில் தேநீர் அருந்தும்போது வெளியே கூச்சல் கேட்டு ஓடினார். ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்கள் அவர்களுடையவை. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. இளம்பெண்கள் ஜன்னலிலிருந்து குதித்ததை அவர் கண்ணால் பார்த்தார். மொத்தம் 146 பேர் இறந்தார்கள்.

கொஞ்சம் நின்று கவனியுங்கள். தீ பிடித்தது எட்டாம் மாடியில். அங்கிருந்து பத்தாம் மாடி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது; முதலாளிகள் மொட்டை மாடி வழியாகத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அபாய மணியும் கிடையாது. தீ வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அங்கே ஒரு கதவும் பூட்டியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தளத்தவர்கள்தான். கட்டடமோ, இன்றும் நிற்கிறது!

அதன் பிறகு அமைந்த பாதுகாப்புக் குழுவுக்குப் பெர்கின்ஸ் செயலாளரானார். விசாரணைக்கு வந்த சட்டமன்ற உறுப்பினர்களைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக இழுத்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில், தீ தப்பும் வழி என்று எழுதியிருந்த சிறு துளைக்குள் ராபர்ட் வாக்னரையே தவழ வைத்தார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிட்டது. கெட்டிக்காரப் பெண்மணி! இரண்டு மாடிக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில், மேல்தளங்களில் 25 பேருக்கு மேல் வேலை செய்தால், எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும் அபாய மணி கட்டாயம் என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது.

1933 முதல் 1945 வரை தொழிலாளர் துறை அமைச்சராக இருந்து, 1965-ல் காலமானார்.

இன்று அமெரிக்கத் தர விதி இன்னும் நுணுக்கமானது. சைரன் ஒலி, சுற்றுப்புறச் சராசரிச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். உறங்கும் அறையில் தலையணை அருகே குறைந்தது 75 டெசிபல் கேட்க வேண்டும். அடுத்த முறை நம் குடியிருப்பில் சைரன் சோதனை நடக்கும்போது, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சரியாகக் கேட்காவிட்டால், உங்கள் வீட்டு எண்ணைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.