கல்லில் தொடங்கிய கல்வி: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

இம்மலருக்காகப் பழைய மாணவியரின் விபரங்களைத் திரட்டியபோது நாம் ஒன்றைக் கண்டோம். தாவரவியல் படித்தவர் வங்கியில் இருக்கிறார். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர் கனடாவில் சங்கீதம் கற்பிக்கிறார். பேராதனையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர், கணவரின் இடமாற்றத்தோடு அதனை விட்டுவிட்டார். படித்ததற்கும் செய்வதற்கும் தொடர்பில்லை என்று சிலர் படிவத்தில் வெட்கத்தோடு குறித்திருந்தார்கள். இரண்டொருவர் தொழில் என்ற இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்கள். அவர்களை மனத்திற்கொண்டே இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சட்டசபை உறுப்பினர் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணி. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே, 1879இல் தந்தையார் காலமானார். இங்கிலாந்தில் தாயாரின் பராமரிப்பில் வளர்ந்தவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குப் பணிப்பாளரானார். இருபத்தைந்து வயதில் அப்படியொரு பதவி!

அவர் பெயருக்காக வந்து அமர்ந்தவரல்லர். கண்டிக்கு அருகில் கிடைத்த நீலநிறக் கனிப்பொருளொன்றை அறிஞர் பிரையருடன் சேர்ந்து ஆராய்ந்து, செரண்டிபைட் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார். சப்பிரகமுவப் பகுதி மணிக்கற் படிவுகளில் கிடைத்த பாரமான கறுப்புப் படிகங்களும் அவர் கைக்கு வந்தன. யுரேனியம் சார்ந்த கனிமம் என்றே முதலில் எண்ணப்பட்டது. இலண்டனில் நடந்த பகுப்பாய்வில் அதன் பெரும்பகுதி தோரியம் என்று தெரியவரவே, அதற்குத் தோரியனைட் என்ற பெயர் 1904இல் நிலைத்தது. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலம் அது. கதிர்வீசும் பொருளென்றால் விஞ்ஞான உலகம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் அவர் வாழ்வு எவ்விதக் குறையுமின்றிச் சென்றிருக்கும்.

ஆனால் கல்லைத் தேடி மலைநாட்டில் ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணில் கைவினைஞர்கள் பட்டார்கள். நமது மாத்தளையையே எடுத்துக்கொள்வோம். ஹப்புவித கிராமத்தார் அரக்கைத் தணலில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தின்மீது கோலமாகப் பதித்துப் பெருவிரல் நகத்தால் வெட்டிவிடுவார்கள். தூரிகையில்லை, உளியில்லை, நகந்தான் கருவி. நம்மில் எத்தனை பேர் அந்த வழியால் பஸ்ஸில் போயும் இறங்கிப் பார்க்கவில்லை! இத்தகைய தொழில்களுக்கு அரசர் காலத்தில் மானியக் காணி இருந்தது. ஆட்சி மாறி ஆதரவு அற்றுப்போக, இறக்குமதிப் பொருட்கள் சந்தையை நிறைத்தன. தந்தையின் தொழிலை மகன் கைவிடத் தொடங்கினான்.

குமாரசுவாமி இதனைப் புவிச்சரிதவியலாளர் செய்வதுபோலவே ஆராய்ந்தார் என்பது எமது எண்ணம். எந்த ஊரில் கிடைத்தது, என்ன பொருளால் ஆனது, எந்த வரிசையில் செய்யப்பட்டது என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அப்படித்தான் உருவானது. இங்கிலாந்தில் தமது இல்லத்திலேயே, முன்னர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்தில், பதினைந்து மாதங்கள் உழைத்து 1908இல் 425 பிரதிகள் அச்சிடுவித்தார்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக எமக்கு மனமில்லை. அவருடைய முதல் மனைவி எதெல். பியானோ கற்பிக்கத் தகைமை பெற்றவர். 1903 முதல் 1907 வரை இலங்கையில் கணவரோடு அலைந்தவர். நூலிலுள்ள புகைப்படங்களில் பல அவர் எடுத்தவை. இந்நாட்டுத் தையல் வேலைப்பாட்டை அவர் தாமாகவே ஆராய்ந்தார். நூலின் முகப்பிலோ கணவரின் பெயரே உண்டு. பின்னர் மணவாழ்வு முறிந்தது. எதெல் மேரே என்ற பெயரோடு இங்கிலாந்தில் தறி அமைத்து, தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதி, அந்நாட்டுக் கைநெசவுக்கே வழிகாட்டியானார். கைத்தொழில் வடிவமைப்பாளருக்குரிய அரச விருதைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. பியானோ ஆசிரியை நெசவாளரானது மலைநாட்டுக் கிராமங்களைப் பார்த்த கண்ணால்தான்.

குமாரசுவாமி இலங்கையிலிருந்த காலத்திலேயே சமூகச் சீர்திருத்தச் சங்கம் அமைத்தார். பிள்ளைகள் தாய்மொழியில் கற்கவேண்டும், இந்நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வாதாடினார். உறவினரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் அம்முயற்சியைத் தொடர்ந்து நடத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் வந்தன. 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்த பிறகே மாத்தளைப் பெண்பிள்ளைகள் கண்டிப் புகையிரதத்தில் ஏறிப் பட்டப்படிப்புக்குப் போகும் தூரத்தில் கல்வி வந்தது.

பின்னாளில் அவர் இந்தியாவில் ராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டி, அவற்றை வைத்துத் தேசிய அரும்பொருட்சாலை ஒன்று அமைக்க விரும்பினார். ஆதரிப்பாரில்லை. 1917இல் ஓவியங்களோடு அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலைக்குச் சென்று, இறுதிவரை முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். சிவநடனத்தின் பொருளை மேலைநாட்டார் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் அவர். எழுபதாவது பிறந்தநாளில், இந்தியாவுக்குத் திரும்பப்போவதாக நண்பர்களிடம் அறிவித்தார். மூன்று வாரங்கூடச் செல்லவில்லை. 1947 செப்டெம்பர் 9இல் காலமானார்.

படிவத்தில் வெற்றிடம் விட்ட சகோதரியருக்கு நாம் மீண்டும் எழுதினோம். இப்போது செய்யும் வேலை எதுவாயினும் எழுதியனுப்புங்கள் என்று கேட்டோம். ஒருவர் வீட்டில் மிளகு பதனிடுவதாகவும், மற்றவர் கணவரின் ஆய்வேடுகளைத் தட்டச்சுச் செய்து திருத்திக் கொடுப்பதாகவும் பதில் அனுப்பினர். இரண்டையும் பெயர்ப்பட்டியலில் அப்படியே சேர்த்திருக்கிறோம்.